தேனீக்கு நான்கு கண்

திங்கட்கிழமை

அன்புள்ள தம்பிக்கு அக்கா எழுதுவது.

இங்கே எல்லாரும் சுகம். நீயும் சுகம் என்று எழுதியிருந்தாய். அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? சளி உண்டா, இருமல் உண்டா, எத்தனை வேளை சாப்பிடுகிறாய், துணியை யார் துவைக்கிறார்கள் என்று தனித்தனியாக எழுது. போனில் கேட்டால் "சரிக்கா, சரிக்கா, அப்புறம் பேசறேன்க்கா" என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் இந்தக் காலத்திலும் மேசையில் உட்கார்ந்து தாளில் எழுதிக்கொண்டிருக்கிறேன். தாளில் கேட்ட கேள்வி, பதில் வரும்வரை அங்கேயே இருக்கும்.

குளிர்கிடங்கு வேலைக்கு நீ போய் எட்டு மாதம் ஆகிறது. இதற்கு முன் பார்த்த நான்கு வேலைகளையும் சேர்த்தாலே எட்டு மாதம் தேறாது. உன் மாமா வழியில் பார்க்கிறவர்களிடமெல்லாம் "மச்சான் ஒரு எடத்துல நிலைச்சுட்டான்" என்று சொல்லிக்கொண்டு திரிகிறார். எனக்கும் உள்ளுக்குள் பெருமைதான். ஆனால் மீனும் காய்கறியும் உறைந்து கிடக்கிற இடத்தில் என் தம்பி நாள் முழுக்க நிற்கிறான் என்று நினைத்ததும் அந்தப் பெருமை பாதியில் நின்றுவிடுகிறது. நான் பின்னி அனுப்பிய ஸ்வெட்டர் பொருந்தியதா, கை நீளமா, குட்டையா என்று நீ ஒரு வார்த்தை எழுதவில்லை.

சரி, இங்கத்துக் கதைக்கு வருகிறேன். பிரஸ்ஸில் பெரிய ரகளை.

உனக்குத் தெரியும், நம் தினசரி காலண்டரில் ஒவ்வொரு தாளின் பின்பக்கமும் நான்கு வரியில் ஒரு தகவல் இருக்கும். தேதியைக் கிழித்தவர்கள் கசக்கி எறிவதற்கு முன் ஒரு நிமிடம் திருப்பிப் பார்ப்பார்கள். அந்த ஒரு நிமிடத்துக்காகப் பதினோரு வருஷமாக நான் வருஷத்துக்கு முந்நூற்று அறுபத்தைந்து தகவல் தேடிக்கொண்டிருக்கிறேன். வண்ணத்துப்பூச்சி காலால் ருசி பார்க்கும். வெள்ளி கிரகத்தில் ஒரு நாள் என்பது அதன் ஒரு வருஷத்தைவிட நீளம். இப்படி. இரண்டு புத்தகத்தில் ஒரே மாதிரி இருந்தால்தான் என் கையெழுத்து விழும். ஒரு புத்தகம் சொன்னால் அது எனக்கு வதந்தி. உன் மாமா இதை வைத்துத்தான் என்னைக் கேலி செய்கிறார், நான் பாலைக்கூட இரண்டு டம்ளரில் ஊற்றிப் பார்த்துவிட்டுத்தான் பால் என்று ஒப்புக்கொள்வேனாம்.

போன வெள்ளிக்கிழமை, நம் காலண்டரை விற்கிற ஸ்டேஷனரிக் கடைக்காரர் ஒரு கட்டைக் கொண்டுவந்து முதலாளியின் மேசையில் போட்டார். நீ இருக்கிற ஊரில் இருக்கிறதே அந்தக் காலண்டர் கம்பெனி, அவர்கள் கடைகளுக்கு அனுப்பியிருக்கும் அடுத்த வருஷத்து சாம்பிள். ஜனவரி மாதம் மட்டும். நான் நின்றபடியே புரட்டினேன். முப்பத்தொரு தாளில் பதினான்கு என்னுடையது. கருத்து மட்டுமல்ல, வார்த்தைக்கு வார்த்தை என்னுடையது. நான் வைத்த கமா வைத்த இடத்திலேயே உட்கார்ந்திருக்கிறது. நம் காலண்டரோ இன்னும் மிஷினிலேயே ஏறவில்லை! கோபத்தில் காது மடல் சுட்டது.

இதிலும் ஒரு வேடிக்கை. தேனீயைப் பற்றிய தாளில் "தேனீக்கு நான்கு கண்கள்" என்று போட்டிருக்கிறார்கள். நம் தாளில் ஐந்து என்று தெளிவாக இருக்கிறது. தேனீக்கு ஐந்துதான், பக்கத்துக்கு ஒரு பெரிய கண், உச்சந்தலையில் மூன்று சின்னக் கண். திருடத் தெரிந்தவனுக்குப் பார்த்து எழுதத் தெரியவில்லை என்று முதலாளியிடம் சொல்லிச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

இந்தத் தகவல்களை அச்சுக்கு முன்னால் யார் யார் பார்க்கிறார்கள் என்று கேட்டார். நானும் கம்போசிங் அண்ணனும் மட்டும்தான் என்றேன். கணினியில் நம் பக்கங்களை அடிக்கிறவர் அவர், இருபத்திரண்டு வருஷமாக அதே நாற்காலி. என் நோட்டை நான் மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டுகிறேன், சாவி என் கைப்பையில் இருக்கிறது, மிச்சம் யார் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொன்னேன். முதலாளி பார்த்துக்கொண்டார். சனிக்கிழமை காலையிலேயே, விசாரித்து முடிக்கும்வரை வர வேண்டாம் என்று கம்போசிங் அண்ணனை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்.

எனக்கு அவர்மேல் கொஞ்ச நாளாகவே ஒரு கண் இருந்தது. ஒவ்வொரு தகவலையும் அடித்து முடித்ததும் நாற்காலியோடு திரும்பி, "நெஜமாவாம்மா?" என்று கேட்பார். அதோடு விட்டால் பரவாயில்லை, சட்டைப் பையிலிருந்து ஒரு குட்டி நோட்டை எடுத்து அதில் குறித்துக்கொள்வார். எதற்கு? அடுத்த மாசத்துக்கு என்ன இருக்கிறது என்று முன்கூட்டியே வேறு கேட்பார். இதையும் முதலாளியிடம் சொன்னேன். அண்ணன் நாற்காலியில் போட்டிருந்த குஷனையும் கண்ணாடிக் கூட்டையும் எடுத்துக்கொண்டு போனபோது என் முகத்தைப் பார்க்கவே இல்லை. மடியில் கனமில்லாதவர் என்றால் நிமிர்ந்து பார்த்திருப்பார் அல்லவா? இந்த ஊரில் மொத்தமே இரண்டு பிரஸ். திருட்டுப் பட்டம் ஒட்டிக்கொண்டால் அந்த இன்னொரு பிரஸ்ஸின் வாசலைக்கூட அவரால் மிதிக்க முடியாது. அது அவருக்கு முதலிலேயே தெரிந்திருக்க வேண்டும்.

உனக்கு இந்த வாரத்து விஷயங்கள். வழக்கம்போல முதல் புத்தகத்தில் படித்ததுமே சுடச்சுட உனக்கு எழுதிவிடுகிறேன், இரண்டாவது புத்தகத்தில் பார்த்து ஆறவைத்துத்தான் பிரஸ்ஸுக்கு. ஆக்டோபஸுக்கு மூன்று இதயம், அது நீந்தும்போது அதில் ஒன்று நின்றுவிடும். நம் மூக்கின் இரண்டு துவாரமும் ஒரே அளவில் வேலை செய்வதில்லை, முறை வைத்துக்கொண்டு ஒன்று ஓய்வெடுக்கும். தண்ணீரில் ஊறினால் விரல் நுனி சுருங்குவது தோல் தண்ணீர் குடிப்பதால் அல்ல, நரம்பு செய்யும் வேலை. சாப்பாட்டு நேரத்தில் உன்னைச் சுற்றி உட்கார்ந்துகொண்டு "இன்னிக்கு உங்க அக்கா என்ன எழுதிருக்காங்க" என்று கேட்பார்களாமே, அவர்களுக்குச் சொல்.

இன்னொன்று. எனக்கு உன்னிடமிருந்து ஒரு தகவல் வேண்டும். கண்ணாடி போட்டவர்கள் குளிர்கிடங்கில் வேலை செய்தால் கண்ணாடியில் பனி மூடும் என்று படித்தேன். உள்ளே நுழையும்போது மூடுமா, வெளியே வரும்போதா? நீ சோடாபுட்டி போட்டவன், தினமும் பத்து முறை உள்ளேயும் வெளியேயும் போகிறவன். உன்னைவிட நல்ல சாட்சி எனக்கு எங்கே கிடைக்கும்? மறக்காமல் எழுது.

தலைக்குத் துணி கட்டிக்கொள்.

உன் அக்கா


வியாழக்கிழமை

அன்புள்ள தம்பிக்கு அக்கா எழுதுவது.

போன வாரம் எழுதியதற்கு உன் பதில் இந்த வாரம் செவ்வாய்க்கிழமை வந்தது. சளி இல்லை, இருமல் இல்லை, மூன்று வேளையும் சாப்பிடுகிறாய், துணியை நீயே துவைக்கிறாய். சந்தோஷம். ஸ்வெட்டரைப் பற்றி இந்தமுறையும் ஒன்றும் இல்லை.

கண்ணாடி விஷயத்துக்கு உடனே பதில் எழுதியதில் எனக்கு மகிழ்ச்சி. உள்ளே போகும்போது மூடிக்கொள்ளும், வெளியே வந்ததும் தெளிந்துவிடும் என்று எழுதியிருக்கிறாய். படித்துவிட்டு எழுந்து சமையல்கட்டுக்குப் போனேன். பிறகு உன் மாமாவின் கண்ணாடியைக் கழற்றி வாங்கி ஃப்ரிட்ஜுக்குள் முட்டைக்குப் பக்கத்தில் வைத்தேன். உள்ளே வைத்தபோது ஒன்றும் ஆகவில்லை. பத்து நிமிடம் கழித்து வெளியே எடுத்தேன், எடுத்த மறு நொடியே பால் ஊற்றியது போல வெளுத்துவிட்டது. குளிர்ந்த பாட்டிலின் மேல் தண்ணீர் பூப்பதும் இதேதான், வெளிக்காற்றில் இருக்கிற ஈரம் சில்லென்ற கண்ணாடியில் வந்து ஒட்டிக்கொள்கிறது. உன் மாமா கண் தெரியாமல் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, ஆராய்ச்சிக்கு இன்னும் எதையெல்லாம் கழற்ற வேண்டும் என்று கேட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஒருவேளை நீ முகமூடி போட்டுக்கொண்டு வேலை செய்கிறாயோ என்னவோ. முகமூடி இருந்தால் மூச்சு மேலே ஏறி உள்ளேயும் மூடலாம். அல்லது அவசரத்தில் மாற்றி எழுதிவிட்டாயோ. மனுஷனுக்கு மறதி சகஜம். நாளைக்கு வேலைக்குப் போகும்போது நிதானமாக ஒரு முறை பார்த்துவிட்டு எழுது. நான் ஒன்றும் நினைத்துக்கொள்ள மாட்டேன்.

இன்னும் சில கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. உன் கிடங்கின் கதவு தள்ளுவதா, பக்கவாட்டில் இழுப்பதா? உள்ளே போகும்போது காலில் என்ன போடுகிறாய்? எத்தனை நிமிடத்துக்கு ஒரு முறை வெளியே வரவேண்டும்? உன்கூட வேலை செய்கிறவர்களை "ஒருத்தர்", "இன்னொருத்தர்" என்றே எட்டு மாதமாக எழுதுகிறாய். அவர்களில் ஒருவரையாவது என்ன சொல்லிக் கூப்பிடுவாய் என்று எழுது. அக்காக்காரிக்குத் தம்பியின் வேலையைக் கண்ணால் பார்த்ததுபோல் தெரிந்துகொள்ள ஆசை, அவ்வளவுதான்.

கம்போசிங் அண்ணன் வீட்டுக்கு நேற்று போயிருந்தேன். அவருடைய நோட்டைப் பார்க்க வேண்டும் என்ற எண்ணத்தில்தான் போனேன், ஒளித்து என்ன? அங்கே பார்த்ததை இந்தக் கடிதத்தில் எழுத மனம் வரவில்லை. அவர் இன்னும் வேலைக்குத் திரும்பவில்லை என்பதை மட்டும் தெரிந்துகொள். அவர் நாற்காலியில் இப்போது காகிதக் கட்டை அடுக்கி வைத்திருக்கிறார்கள். நானே என் பக்கங்களை இரண்டு விரலால் அடித்துக்கொண்டிருக்கிறேன். ஒரு தாளுக்கு முக்கால் மணி நேரம் ஆகிறது. முடித்துவிட்டுத் திரும்பினால் "நெஜமாவாம்மா?" என்று கேட்க ஆள் இல்லை.

உன் மாமா நான் இரண்டு நாளாக உர்ரென்று இருப்பதாகச் சொல்கிறார். பல் வலி என்று சொல்லிவைத்திருக்கிறேன். அவர் நம்பிவிட்டார். நம்புகிறவர்களோடு வாழ்வது எவ்வளவு சுலபம் என்று இப்போதுதான் தெரிகிறது.

இந்த வாரத்து விஷயம் மூன்றுதான். காக்கைக்கு மனித முகம் நினைவிருக்கும், தன்னைத் துரத்தியவனை வருஷக்கணக்கில் மறக்காது. தங்கமீனுக்கு மூன்று நொடிதான் ஞாபகசக்தி என்று ஊரெல்லாம் சொல்வது பொய், அதற்கு மாதக்கணக்கில் நினைவிருக்கும். மூன்றாவது, எறும்பு நின்ற இடத்திலிருந்து நடக்கத் தொடங்கும்போது எப்போதும் இடப்பக்கத்து முன்னங்காலைத்தான் முதலில் எடுத்து வைக்கும். இந்த எறும்பு விஷயம் ரொம்பப் புதுசு. முதலாளியிடம் காட்டவில்லை, மாமாவிடம் சொல்லவில்லை, என் நோட்டில்கூட எழுதவில்லை. உனக்கு மட்டும்தான்.

கண்ணாடியைப் பார்த்து எழுது.

உன் அக்கா


ஞாயிற்றுக்கிழமை

தம்பி,

உறையின் மேல் எழுதியிருக்கிற முகவரியைப் பார்த்ததுமே சுற்றுமுற்றும் பார்த்திருப்பாய். பார்த்துக்கொள். அந்த முகவரியை எழுத எனக்கு மூன்று உறை வீணாயிற்று.

நேராக விஷயத்துக்கு வருகிறேன். போன கடிதம் எழுதி மூன்று வாரம் கழித்து, அந்தக் கம்பெனியின் மார்ச் மாதத்துக் கட்டு நேற்று கடைக்கு வந்தது. ஸ்டேஷனரிக் கடைக்காரர் எடுத்து வைத்திருந்தார். கடையிலேயே, பேனா வாங்க வந்தவர்களுக்கு நடுவில் நின்று ஒவ்வொரு தாளாகத் திருப்பினேன். பதினேழாம் தேதியில் இருந்தது எறும்பு. "எறும்பு நடக்கத் தொடங்கும்போது இடப்பக்கத்து முன்னங்காலைத்தான் முதலில் எடுத்து வைக்கும்."

அது பொய், தம்பி. எந்தப் புத்தகத்திலும் இல்லை. எறும்பின் முதல் காலை உட்கார்ந்து பார்த்தவர் யார்? சமையல்கட்டில் மேடையைத் துடைத்துக்கொண்டே நானே கட்டிவிட்டது. பதினோரு வருஷத்தில் நான் எழுதிய முதல் பொய் அது, அதை உனக்குத்தான் எழுதினேன்.

உன்மேல் எனக்கு எப்போது சந்தேகம் வந்தது என்று நீ கேட்பாய். கம்போசிங் அண்ணன் வீட்டில் வந்தது. அவருடைய மனைவி தையல் வேலை செய்கிறவர். மிஷினுக்கு மேலே சுவர் முழுக்கத் துண்டுத் தாள்கள் ஒட்டியிருந்தன. ஒவ்வொன்றிலும் கொட்டை எழுத்தில் ஒரு தகவல், எல்லாம் நான் எழுதியவை. காலண்டரில் இருக்கும் பொடி எழுத்து அந்த அம்மாவுக்குக் கண்ணுக்குத் தெரியவில்லையாம். அதனால் அண்ணன் பிரஸ்ஸில் குட்டி நோட்டில் குறித்துக்கொண்டு வந்து, வீட்டில் பெரிதாக எழுதி, தைக்கும்போது நிமிர்ந்தால் தெரிகிற மாதிரி ஒட்டிவைப்பாராம். இதற்குத்தான் அந்த நோட்டு. அந்த அம்மா எனக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டு, "வண்ணத்துப்பூச்சி காலால ருசி பாக்குமாமே, பாவம், சேத்துல உக்காந்தா அது என்ன பண்ணும்?" என்று என்னிடம் கேட்டார். தன் புருஷனை வீட்டுக்கு அனுப்பவைத்தவள் நான்தான் என்று அவருக்குத் தெரியாது. அண்ணன் சொல்லவில்லை.

அந்தச் சுவரில் நடுவில் ஒரு தாள். "தேனீக்கு ஐந்து கண்கள்."

ஐந்து. அண்ணன் குறித்துக்கொண்டது ஐந்து. அவர் கையிலிருந்து போயிருந்தால் அந்தக் கம்பெனித் தாளிலும் ஐந்து என்றுதானே இருந்திருக்கும்? பார்த்து எழுதத் தெரியாத திருடன் என்று சிரித்தேனே, அவன் பார்த்துத்தான் எழுதியிருக்கிறான். நான்கு என்று எழுதிய தாளைப் பார்த்திருக்கிறான். வீட்டுக்கு வந்து என் நோட்டை எடுத்தேன். முதல் புத்தகத்தில் அவசரமாகப் படித்து நான்கு என்று எழுதி, பத்து நாள் கழித்து இரண்டாவது புத்தகத்தைப் பார்த்து அடித்து ஐந்து என்று திருத்தியிருக்கிறேன். கம்போசிங் மேசைக்குப் போனது திருத்தியது. நடுவில் அந்தப் பத்து நாளில் தேனீ என் நோட்டைவிட்டு ஒரே ஒரு இடத்துக்குத்தான் போயிருந்தது. சுடச்சுட, தபாலில், உனக்கு.

அப்போதும் நான் நம்பவில்லை. ஒரு சாட்சியை வைத்து எதையும் முடிவு செய்வதில்லை என்ற பிடிவாதம் என்னைக் காப்பாற்றும் என்று நினைத்தேன். அன்றைக்கு முந்தைய நாள்தான் உன் கண்ணாடிப் பதில் வந்திருந்தது. குளிர்கிடங்கில் ஒரே ஒரு நாள் வேலை செய்தவனுக்குக்கூடத் தெரிந்த விஷயம் அது. நீ தப்பிக்க வேண்டும் என்று முகமூடியை நானே எடுத்துக் கொடுத்தேன். நீ என்ன எழுதினாய்? "நல்லா பாத்துட்டேன்க்கா, உள்ள போறப்பதான் மூடுது, மாஸ்க்கெல்லாம் நாங்க போடறதில்ல." கதவு தள்ளுவதா இழுப்பதா என்று நீ எழுதவில்லை. அந்த வரியைப் படித்தபோது எனக்கு அழுகை வந்தது. பொய் சொன்னதற்காக மட்டும் இல்லை. பொய்யைக்கூடச் சரிபார்க்காமல் சொல்கிறாயே என்று.

உன் முகத்தை நினைத்துப் பார்க்கிறேன். குளிர்கிடங்கு இல்லை, அந்தக் காலண்டர் கம்பெனியில் உனக்கு ஒரு மேசை, ஒரு நாற்காலி, பேனா ஸ்டாண்டு. யாராவது வந்து உன்னிடம் சந்தேகம் கேட்பார்கள், நீ நாற்காலியில் சாய்ந்துகொண்டு பதில் சொல்வாய். போன இடத்திலெல்லாம் உன்னைப் பாதியில் அனுப்பினார்கள், இங்கே உட்கார வைத்திருக்கிறார்கள். பூரித்துப்போயிருப்பாய், எனக்குத் தெரியும். அங்கே வேலை கிடைத்தது என்று எழுதியிருந்தால் நான் சண்டை போட்டிருப்பேன், ஒரு வாரம் பேசாமல் இருந்திருப்பேன். "உன் தகவலையெல்லாம் குடுக்கா" என்று நீ கேட்டிருந்தால் கொடுத்தும் இருக்க மாட்டேன், பொய் சொல்லமாட்டேன். ஆனால் எங்கே தேட வேண்டும், எந்தப் புத்தகத்தை நம்பக்கூடாது என்று சொல்லியிருப்பேன். சாப்பாட்டு நேரத்தில் எல்லாரும் சுற்றி உட்கார்ந்து கேட்கிறார்கள் என்று எழுதினாயே, அதைப் படித்துவிட்டு நான் எத்தனை நாள் கூடுதலாக உட்கார்ந்து தேடியிருக்கிறேன் தெரியுமா? அதுதான் எனக்கு ரொம்ப வலிக்கிறது.

என்னையும் சொல்லிக்கொள்ள வேண்டும். நம்மை நாமே கிச்சுகிச்சு மூட்டிக்கொள்ள முடியாது, விரல் எங்கே வரப்போகிறது என்று மூளைக்கு முன்பே தெரிந்துவிடும் என்று ஒரு தாளில் எழுதியிருந்தேன். ஏமாற்றிக்கொள்வது மட்டும் நன்றாக முடிகிறது. ஸ்வெட்டரைப் பற்றி நீ எழுதாத எட்டு மாதமும் எனக்கு உறுத்திக்கொண்டுதான் இருந்தது. கண்டுகொள்ளவில்லை. நம் பிள்ளை என்றால் ஒரு புத்தகமே போதும் என்று இருந்துவிட்டேன். அண்ணனைத் திருடன் என்று சொல்ல அந்த ஒன்றுகூட என்னிடம் இல்லை.

இன்று காலையில் மறுபடி அவர் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். அவர் கோபப்படவில்லை. குஷனைத் தைத்துக்கொண்டிருந்த மனைவியைப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி என்னிடம் கேட்டார். "ரெண்டு புக்ல பாக்காம எதையுமே சொல்ல மாட்டீங்களேம்மா. என்னைய மட்டும் எந்தப் புக்ல பாத்தீங்க?" எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிட்டேன். 

அங்கிருந்து நேராக முதலாளி வீட்டுக்குப் போனேன். கசிந்தது கம்போசிங் மேசையிலிருந்து இல்லை, நான் எழுதிய கடிதங்களிலிருந்துதான் என்று சொல்லிவிட்டேன். யாருக்கு எழுதினீர்கள் என்று கேட்டார். அதை மட்டும் கேட்காதீர்கள் என்றேன். "ரெண்டு பேர்ல ஒருத்தர்னு சொன்னதும் நீங்கதான், இப்ப இல்லைங்கறதும் நீங்கதான். ஆளைச் சொல்லுங்க, கம்போசிங்காரரை நாளைக்கே வேலைக்குக் கூப்பிடறேன். சொல்லலைன்னா, பாவப்பட்டு நீங்க பழியை ஏத்துக்கறீங்கன்னுதான் நான் நெனப்பேன்" என்றார். எட்டு நாள், அடுத்த வாரத்துத் திங்கட்கிழமைவரை அவகாசம் கேட்டிருக்கிறேன். அதுவரை அண்ணன் நாற்காலியில் காகிதக் கட்டுதான் இருக்கும். அந்தச் சுவரில் புதிதாக ஒரு தாளும் ஏறாது.

ஆகவே நீ செய்ய வேண்டியது ஒன்றுதான். வந்து, முதலாளி முன்னால் நின்று, நான்தான் எடுத்தேன், அவர் இல்லை என்று உன் வாயால் சொல்ல வேண்டும். கடிதம் வேண்டாம், போன் வேண்டாம், நேரில். என் பெயர் கெட்டது கெட்டதுதான், அதை நான் பார்த்துக்கொள்கிறேன். திங்கட்கிழமைக்குள் நீ வரவில்லை என்றால் நானே சொல்லிவிடுவேன். அப்படிச் சொன்னால் அண்ணன் வேலைக்குத் திரும்பிவிடுவார், ஆனால் நான் உன்னைக் காட்டிக்கொடுத்தவள் ஆகிவிடுவேன், நீ கடைசிவரை ஓடினவன் ஆகிவிடுவாய். இரண்டும் எனக்கு வேண்டாம்.

உன் மாமாவுக்கு இன்னும் தெரியாது. இப்போதும் வாசலில் நின்று பக்கத்து வீட்டுக்காரரிடம் உன் கிடங்கைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருக்கிறார். ஸ்வெட்டரை மறக்காமல் எடுத்து வா. பார்சலைப் பிரித்திருக்கவே மாட்டாய், அது எனக்குத் தெரியும். அளவு சரியில்லை என்றால் பிரித்துப் பின்னிக்கொள்ளலாம்.

கடைசியாக ஒன்று. எனக்கு எறும்பு ஒரு புத்தகம்தான், ஒற்றைச் சாட்சி. உன்னோடு அறையில் தங்கியிருக்கிறவன் என் கடிதங்களைத் திருடிப் படித்திருக்கலாம், நீ வாய்விட்டுப் படித்ததை யாராவது எழுதிக்கொண்டு போயிருக்கலாம் என்றெல்லாம் இந்த நிமிடம்வரை மனசு அலைந்துகொண்டிருக்கிறது. அதனால்தான் வழக்கமான உன் அறை முகவரிக்கு இதை அனுப்பவில்லை. அந்தக் காலண்டரின் அட்டையில் அடியில் அச்சிட்டிருக்கிற கம்பெனி முகவரிக்கு, உன் பெயரைப் போட்டு அனுப்புகிறேன். இந்த உறைதான் என் இரண்டாவது புத்தகம்.

அப்படி ஒருவர் இங்கே இல்லை என்று எழுதி இந்தக் கடிதம் என்னிடமே திரும்பி வரட்டும். வந்தால் உன் காலில் விழுந்து மன்னிப்புக் கேட்பேன், அக்கா என்றுகூடப் பார்க்க மாட்டேன். அது திரும்பி வராவிட்டால், நீ வா.

உன் அக்கா